பெட்டிக்குள் உறங்கும் உரோமக் காசு

ஹட்டன், நுவரெலியாப் பகுதித் தேயிலைத் தோட்டங்களில் மூன்று நான்கு தலைமுறையாக வாழ்ந்துவரும் குடும்பங்கள் பலவற்றில் பழைய டிரங்குப் பெட்டி ஒன்று இருப்பதைக் காணலாம். அதன் அடியில், மஞ்சள் துணியில் முடிந்துவைத்த சில பொருள்கள் கிடக்கும். விக்டோரியா மகாராணியின் தலை பொறித்த வெள்ளி ரூபாய், அறுந்துபோன காசுமாலையில் எஞ்சிய ஓரிரு காசுகள், எவரோ எக்காலத்திலோ கொடுத்த பித்தளை வில்லை என்று அவை பலவகைப்படும். அவற்றிடையே எந்த நாட்டுக் காசு என்று வீட்டார் எவருக்கும் விளங்காத சிறு நாணயம் ஒன்றும் சிலவேளை அகப்படுவதுண்டு. ஒருபுறம் மூக்கு நீண்ட ஆணின் தலை. மறுபுறம் ஏதோ ஓர் உருவம். சுற்றிலும் தேய்ந்த எழுத்துகள். "அப்பாயி வைத்திருந்தது" என்பதற்கு மேல் அதைப் பற்றி எதுவும் தெரிந்திராது.

அத்தகைய காசு உரோமப் பேரரசின் காசாக இருத்தல் கூடுமா? கூடும். அதற்குரிய காரணம் வலுவானது. ஆனால், அவ்வாறு ஐயம் எழுந்த உடனே இரண்டு தவறுகளில் ஒன்று நேர்ந்துவிடுகிறது. பொன்னாயின் அது பொற்கொல்லரின் உலைக்குப் போய்த் தோடாகவோ மோதிரமாகவோ மாறுகிறது. செம்பாயின், கோடி ரூபாய் பெறும் என்னும் கனவோடு புளியிட்டுத் துலக்கப்பட்டு, துலக்கிய அளவிலேயே தன் மதிப்பில் பெரும்பகுதியை இழக்கிறது. இவ்விரண்டுக்கும் இடையே செய்யத்தக்க காரியம் ஒன்று உண்டு. அக்காசு இன்னதென அறிவதும், அது எங்கிருந்து வந்ததென எழுதி வைப்பதுமே அது.

தோட்டத் தொழிலாளரின் முன்னோர் எந்த ஊர்களிலிருந்து வந்தனர் என்பதை நினைத்தால் இதன் பொருத்தம் விளங்கும். திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, சேலம், மதுரை, இராமநாதபுரம், தஞ்சாவூர் ஆகிய சீமைகளிலிருந்தே 19ஆம் நூற்றாண்டில் முதலில் காப்பித் தோட்டங்களுக்கும், 1869 முதல் பரவிய இலைநோயால் காப்பி அழிந்தபின் தேயிலைத் தோட்டங்களுக்கும் பெருந்திரளான மக்கள் வந்தனர். இந்தியா முழுவதிலும் உரோமக் காசுகள் மிகுதியாகக் கிடைத்துள்ள நிலப்பகுதியும் தமிழகத்தின் இதே உள்நாட்டுப் பகுதிதான். கோயம்புத்தூரை அடுத்த வெள்ளலூரில் 1842ஆம் ஆண்டில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட உரோம வெள்ளிக் காசுகள் ஒரே புதையலாக வெளிப்பட்டன. புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் ஆலங்குடியை அடுத்த கருக்காக்குறிச்சியில் 1898ஆம் ஆண்டில் 501 பொற்காசுகள் கிடைத்தன. கரூரில் அமராவதி ஆற்று மணலிலும், மதுரையில் வைகை ஆற்று மணலிலும் உரோமச் செப்புக் காசுகள் இன்றும் அகப்பட்டுவருகின்றன. நாணயவியலறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி அவற்றைத் தொகுத்து ஆராய்ந்து 1994இல் தனி நூலாகவே வெளியிட்டார்.

யவனரின் மரக்கலங்கள் பொன்னொடு வந்து மிளகொடு மீண்ட செய்தியை அகநானூறு கூறுகிறது. அதே செய்தியை மறுகரையிலிருந்து நோக்கிய உரோம அறிஞர் பிளினி, ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டெர்ஸ் பணத்தை இந்தியா உறிஞ்சிக் கொள்கிறதே என்று வருந்தி எழுதினார். அவர் வருந்திய பணத்தின் ஒரு துளி, பதினெட்டு நூற்றாண்டுகளுக்குப் பின் ஏரோட்டிய ஒருவர் கையில் சிக்கி, அவர் மகளின் கழுத்தில் ஏறி, அவள் பேரனின் முடிச்சில் கடலைக் கடந்து வந்திருக்கலாம்.

வந்த வழியும் கருதத்தக்கது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே 1914இல் கப்பற் போக்குவரத்துத் தொடங்கும்முன் தோணியில் மன்னார்க் கரையில் இறங்கிய மக்கள், அங்கிருந்து காட்டு வழியே கால்நடையாக மாத்தளைக்கும் கண்டிக்கும் சென்றனர். வழியில் காய்ச்சலாலும் பசியாலும் மாண்டவர் பலர். அவர்கள் இறங்கிய கரைக்கு அண்மையிலேதான் பண்டைய மாதோட்டத் துறைமுகம் இருந்தது. மேலைக்கடலிலிருந்தும் கீழைக்கடலிலிருந்தும் வந்த சரக்குகள் கைமாறிய இடம் அது.

எனினும், பெட்டியிலுள்ள காசு தமிழகத்திலிருந்து வந்ததாகவே இருக்க வேண்டுமென்பதில்லை. இலங்கையிலும் உரோமக் காசுகள் ஏராளமாகக் கிடைத்துள்ளன. ஜோன் ஸ்டில் என்பவர் 1907இல் அவற்றைப் பற்றி அரச ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளை வெளியீட்டில் எழுதினார். கொட்ரிங்டன் 1924இல் வெளியிட்ட இலங்கை நாணய நூல் அவற்றை விரிவாகக் கூறுகிறது. ஆனால், இரு நாட்டுக் காசுகளுக்கும் முக்கியமான வேறுபாடு ஒன்றுண்டு. தமிழகத்தில் கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த பொன்னும் வெள்ளியும் மிகுதி. பிற்காலச் செப்புக் காசுகளும் உண்டு. இலங்கையில் கிடைப்பனவோ பெரும்பாலும் கி.பி. 4ஆம், 5ஆம் நூற்றாண்டுகளுக்குரிய சிறு செப்புக் காசுகளே. ஆகவே, மலையகத்துப் பெட்டி ஒன்றில் அகஸ்டஸ் காலத்து வெள்ளிக் காசு இருந்தால், அது பாக் நீரிணையைக் கடந்து வந்தது என்று கருத இடமுண்டு. தேய்ந்த சிறு செப்புக் காசாயின் இரு கரைகளில் எதற்கும் உரியதாகலாம். இது சான்று ஆகாது, குறிப்பு மட்டுமே.

இனி, காசை அறியும் வகையைப் பார்ப்போம். முதலில் செய்ய வேண்டியது நிறுத்துப் பார்த்தல். இம்முறை இலங்கைக்குப் புதிதன்று. அன்னியுஸ் புளோகாமுஸ் என்பவருடைய பணியாள் ஒருவர் காற்றில் அகப்பட்டு இத்தீவில் ஒதுங்கிய கதையைப் பிளினி கூறுகிறார். அவரிடமிருந்த வெள்ளிக் காசுகளைத் தீவின் அரசன் வாங்கிப் பார்த்தானாம். பொறித்த தலைகள் வெவ்வேறு வேந்தருடையனவாக இருந்தும் எடை ஒன்றாகவே இருந்ததைக் கண்டு, உரோமரின் நேர்மையை வியந்து, குளோடியஸ் பேரரசனிடம் தூதரை அனுப்பினானாம். கதையின் உண்மை எத்துணையாயினும், தலையையும் எடையையும் ஒருங்கே நோக்கிய அந்த அரசனே இன்றைய நாணய ஆராய்ச்சியாளருக்கு நல்ல ஆசிரியன்.

நகைக்கடைத் தராசு ஒன்று போதும். அகஸ்டஸ் காலத்து உரோமப் பொற்காசு ஏறத்தாழ 7.8 கிராம் நிறையுடையது. இங்கிலாந்துப் பவுனோ ஏறக்குறைய 8 கிராம். எனவே பழங்காசைத் தராசிலிட்ட கடைக்காரர், "ஒரு பவுனுக்குச் சற்றுக் குறைவு" என்று சொல்லிவிடுவது இயல்பு. உருக்கப்படும் அபாயம் அங்கேதான் தொடங்குகிறது. கூர்ந்து பார்ப்பவருக்கு வேறுபாடு தெரியாமற் போகாது. பவுன் 22 மில்லிமீட்டர் அகலமுள்ளது. விளிம்பிலே நுண்ணிய வரிகள் வெட்டப்பட்டது. செம்பு கலந்த பொன்னாலாகியது. உரோமக் காசு 19 மில்லிமீட்டர் அளவே உள்ளது, தடித்தது, விளிம்பு வரியற்றது, வட்டமும் செம்மையாக இராது, பொன் ஏறத்தாழக் கலப்பற்றது. ஆண்டைக் குறிக்கும் எண் பவுனில் உண்டு. உரோமக் காசில் அத்தகைய எண்ணைத் தேடினால் கிடைக்காது.

வெள்ளிக் காசின் பெயர் தெனாரியஸ். அகஸ்டஸ், திபேரியஸ் காலத்தில் அதன் நிறை 3.8 கிராம் அளவு. அதாவது, பிரித்தானிய இந்தியாவின் வெள்ளி ரூபாயில் மூன்றிலொரு பங்கு. கி.பி. 64இல் நீரோ மன்னன் பொற்காசு, வெள்ளிக்காசு இரண்டின் நிறையையும் குறைத்தான். வெள்ளியின் தூய்மையையும் குறைத்தான். தென்னிந்திய வெள்ளிப் புதையல்களில் அதற்கு முற்பட்ட காசுகளே மேலோங்கி நிற்பதைக் கண்ட அறிஞர்கள், நம் வணிகர் பழைய நல்ல வெள்ளியையே விரும்பி ஏற்றிருக்க வேண்டும் என்று கருதினர். பொறித்த தலையைக் கண்டு மயங்காமல் உலோகத்தைக் கண்டு மதித்தவர்கள் அவர்கள்.

அடுத்தது உருவம். தமிழகத்தில் மிகுதியாகக் கிடைக்கும் வெள்ளிக் காசுகள் இரண்டே வகையின என்று சொல்லிவிடலாம். ஒன்று அகஸ்டஸுடையது. முன்புறத்தில் இலைமாலை சூடிய தலை. பின்புறத்தில் நீண்ட ஆடையணிந்து நிற்கும் இரு இளைஞர். அவர்களுக்கு நடுவே இரு கேடயங்களும் ஈட்டிகளும். அவ்விருவரும் அகஸ்டஸின் பேரரும் வளர்ப்புப் புதல்வருமான காயுஸ், லூசியுஸ் என்போர். மற்றொன்று திபேரியஸுடையது. அதன் பின்புறத்தில் ஒரு பெண் நாற்காலியில் வீற்றிருப்பாள். ஒரு கையில் கோல், மறு கையில் மரக்கிளை. சுற்றிலும் 'பொந்திஃப் மாக்சிம்' என்னும் எழுத்துகள், அதாவது தலைமைக் குரு என்னும் பட்டம். விவிலியத்தில் இயேசுநாதர் வாங்கிப் பார்த்ததாகக் கூறப்படும் வரிக்காசு இவ்வகையே என்பது மரபு. இரண்டு வகையும் இன்றைய பிரான்ஸ் நாட்டு லியோன் நகரத்து அக்கசாலையில் அடிக்கப்பட்டவை.

நம் வீடுகளில் இவை எவ்வாறு கொள்ளப்பட்டிருக்கும் என்று எண்ணிப் பார்ப்பதில் சுவையுண்டு. கிளையேந்தி வீற்றிருக்கும் பெண்ணைத் திருமகள் என்றும், இணையாக நிற்கும் இருவரை இராம லட்சுமணர் என்றும் கொண்டு பூசையறையில் வைத்துக் குங்குமம் இட்டிருந்தால் அதில் வியப்பில்லை. காசின் பள்ளங்களில் குங்குமமோ சந்தனமோ படிந்திருந்தால் அதைக் கழுவிவிட வேண்டாம். அதுவும் அக்காசின் வரலாற்றில் ஒரு பகுதி.

எழுத்தைப் படிப்பதற்கு இலத்தீன் புலமை வேண்டியதில்லை. ஆங்கில எழுத்து அறிந்த பள்ளிப் பிள்ளையே போதும். ஆனால் சொற்களிடையே இடைவெளி இராது, சொற்கள் சுருக்கப்பட்டிருக்கும், 'யு' என்னும் எழுத்து 'வி' வடிவத்தில் இருக்கும். இதனால் அகஸ்டஸ் என்னும் பெயர் கண்ணுக்கு வேறு ஏதோ போலத் தோன்றும். தலையின் இடப்புறத்துக் கழுத்தடியில் தொடங்கி மணி சுற்றும் திசையில் படித்துச் செல்வது பெரும்பாலும் பொருந்தும். திபேரியஸ் காசுகளைப் போல வேறிடத்தில் தொடங்குவனவும் உண்டு. காலைவெயில் சாய்ந்து விழும்போது காசைச் சற்றே திருப்பித் திருப்பிப் பார்த்தால் தேய்ந்த எழுத்தும் நிழலால் எழுந்து நிற்கும். கைத்தொலைபேசியால் படமெடுப்பதற்கும் அவ்வேளையே ஏற்றது. பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்தல் வேண்டும்.

இலங்கைக்கே சிறப்பாகவுள்ள பிற்காலச் செப்புக் காசுகளைப் பார்ப்போம். இவை மிகச் சிறியவை. பல, சுண்டுவிரல் நகத்தைவிடச் சற்றே பெரியவை. எடை ஒரு கிராம் அளவே. இவற்றில் மன்னன் தலையில் இலைமாலைக்குப் பதிலாக முத்துக் கோத்த பட்டம் இருக்கும். கான்ஸ்டன்டைன் காலத்துக்குப்பின் வழக்குக்கு வந்த அணி அது. காலத்தைக் காட்டும் நல்ல அடையாளம். பின்புறத்தில் இரு போர்வீரர் கொடியுடன் நிற்பர். அல்லது குதிரையிலிருந்து விழுபவனை வீரன் ஒருவன் ஈட்டியால் குத்துவான். அல்லது சிறகுள்ள வெற்றித்தெய்வம் சிறைப்பட்டவனை இழுத்துச் செல்லும். அல்லது மாலையொன்றின் நடுவே சிலுவை இருக்கும். அடியில் கோடிட்டு, அதன் கீழ் சில எழுத்துகள் காணப்படும். 'ஆன்ட்' என்றால் அந்தியோக்கியா. 'அலே' என்றால் அலெக்சாந்திரியா. 'கான்ஸ்' என்றால் பெரும்பாலும் கான்ஸ்டாண்டிநோப்பிள். அக்காசு எந்த நகரத்தில் அடிக்கப்பட்டது என்பதை அவை தெரிவிக்கும். அந்த மூன்றெழுத்து மட்டும் பிழைத்திருந்தாலும், அரைக் காசின் வரலாறு தெரிந்ததாகிறது.

சில காசுகளில் எழுத்தே பொருளற்றதாய், வெறுங்கோடுகளாய் இருக்கும். உருவமும் குழந்தை வரைந்த பொம்மைபோல் இருக்கும். இவற்றைப் போலியென்று எறிந்துவிடலாகாது. உரோமக் காசு போதாத காலத்தில் அதைப் பார்த்து இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் இங்குள்ளோரே அடித்த காசுகள் அவை. அவற்றுக்கும் ஆயிரத்தைந்நூறு ஆண்டு வயதிருக்கலாம். இலத்தீன் அறியாத ஒரு கொல்லர், எழுத்தைச் சித்திரமாகக் கருதி வெட்டிய வேலை அது. ஆராய்ச்சியாளருக்கு, செம்மையான உரோமக் காசைவிட இது சிலவேளை கூடுதலாகச் சொல்லும்.

அக்காலத்தில் உரோமக் காசுக்கு இங்கே இருந்த மதிப்பைக் காட்டுவது 6ஆம் நூற்றாண்டில் கொஸ்மாஸ் என்னும் கிரேக்க நூலாசிரியர் எழுதிவைத்த கதை. சோபத்ரோஸ் என்னும் உரோம நாட்டு வணிகரும் பாரசீகர் ஒருவரும் இலங்கை மன்னன் அவையில் தத்தம் வேந்தரே பெரியவர் என்று வாதிட்டனராம். சோபத்ரோஸ், இரு வேந்தரின் காசுகளையும் ஒப்புநோக்குமாறு வேண்டினார். ஒன்று ஒளிவீசும் பொன், மற்றொன்று வெள்ளி. மன்னன் இரண்டையும் திருப்பிப் பார்த்து உரோமருக்கே வெற்றியென்று கூறி, சோபத்ரோஸை யானைமேல் ஏற்றி முரசொலியுடன் நகரை வலம் வரச் செய்தானாம். கதை சொன்னவர் உரோமர் பக்கத்தவர் என்பதை மறக்க வேண்டாம்.

உரோமக் காசென்று மயங்கத்தக்க பிற காசுகளும் பல. வெனிஸ் நகரத்துப் பொற்காசு தென்னிந்தியாவில் நகையாகப் பெரிதும் வழங்கியது. மெல்லியது, 3.5 கிராம் நிறையுடையது. அதில் வெனிஸ் தலைவன் புனித மாற்குவின் முன் மண்டியிட்டுக் கொடிக்கம்பத்தைப் பற்றிக்கொண்டிருப்பான். நம் நாட்டுப்புறத்தார் அதைப் பனையேறும் ஒருவரின் உருவமாகக் கொண்டனர். ஒல்லாந்துக் கம்பனியின் செப்புத் துட்டில் மூன்று எழுத்துகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். பெரும்பாலும் ஆண்டும் இருக்கும். பொலன்னறுவைக் காலத்துச் செப்புக் காசில் ஒருபுறம் நிற்கும் மன்னனும் மறுபுறம் அமர்ந்த உருவமும் நாகரி எழுத்தும் உண்டு. சோழன் இராசராசனின் காசைப் பின்பற்றியது அது. யாழ்ப்பாண மன்னர் காசில் நந்தியும் தமிழில் 'சேது' என்னும் சொல்லும் காணப்படும். இவை உரோமக் காசல்ல என்பதால் ஏமாற்றம் கொள்ள வேண்டியதில்லை.

பெட்டியில் எழுத்தும் எண்ணும் மட்டும் பொறித்த உலோக வில்லை ஏதேனும் இருந்தால், அதைத் தனியே எடுத்து வைக்க வேண்டும். காப்பிக் காலத்துக் கிடங்குகளில் வேலைக்கு அடையாளமாகக் கொடுத்த பித்தளைத் துண்டாக அது இருக்கலாம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழகத்திலிருந்து புறப்பட்ட ஆளுக்கு வழங்கிய தகரத் துண்டாகவும் இருக்கலாம். எந்தத் தோட்டத்துக்குச் செல்பவர் என்பதைத் தோட்டக் குறியும் எண்ணும் காட்ட, அத்துண்டைத் தாங்கிக்கொண்டுதான் அவர் மலையேறினார். வழிச்செலவு அந்தத் தோட்டத்தின் கணக்கில் ஏறியது. தொழிலாளி கங்காணியிடம் பட்ட கடனும் அதன்பின் வளர்ந்தது. சந்தையில் தகரத் துண்டுக்கு என்ன விலை கிடைக்கும் என்பது வேறு கேள்வி. அந்தக் குடும்பத்தைப் பற்றி நேராகப் பேசும் பொருள் அப்பெட்டியில் அது ஒன்றே. அகஸ்டஸின் காசு உலகத்தைப் பற்றிப் பேசும்; தகரத் துண்டு பாட்டனாரைப் பற்றிப் பேசும்.

காசு புதிதாக வார்த்த போலியா என்பதையும் பார்த்தாக வேண்டும். உரோமக் காசுகள் இரண்டு அச்சுகளுக்கு நடுவே உலோக வில்லையை வைத்துச் சம்மட்டியால் அடித்துச் செய்யப்பட்டவை. ஆகவே உருவம் ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கலாம், விளிம்பு வெடித்திருக்கலாம். வார்ப்புப் போலியிலோ விளிம்பைச் சுற்றி ஒரு மெல்லிய பொருத்துக் கோடு தெரியும். முகப்பில் ஊசிமுனை அளவான குமிழித் துளைகள் இருக்கும். எழுத்துகள் சோப்புக் கட்டியில் பதித்தாற்போல் மழுங்கியிருக்கும். இரண்டு காசுகள் ஒரே கீறலும் ஒரே தேய்வும் உடையனவாக இருப்பின், இரண்டில் ஒன்றேனும் போலியே. காந்தம் பற்றுமாயின் ஆராய்ச்சி அங்கேயே முடிந்தது.

காசில் வெட்டுக்காயமோ துளையோ இருந்தால் பழுதென்று கருதிப் பொற்கொல்லர் விலையைக் குறைப்பார். வெட்டுக்காயம் உண்மையில் பெரிய செய்தி. கருக்காக்குறிச்சியின் 501 பொற்காசுகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல், மன்னன் முகத்தின் குறுக்கே உளியால் வெட்டப்பட்டிருந்தன. அவற்றை ஆராய்ந்த ஜோர்ஜ் ஹில், தேய்ந்து எடை குறைந்த காசுகள் மீண்டும் பணமாக வழங்காதபடி அவ்வாறு வெட்டப்பட்டன என்று கருதினார். வேறு விளக்கம் கூறுவோரும் உள்ளனர். எவ்வாறாயினும், முகம் வெட்டுண்ட உரோமப் பொற்காசு ஒன்று புதுக்கோட்டை வழிவந்த குடும்பத்தின் முடிச்சில் இருக்குமானால், அந்த ஒரு கீறலே அதைக் குறிப்பிட்ட நாட்டோடும் காலத்தோடும் இணைக்கும் கயிறாகலாம். மோதிரமாக உருகிய பொன்னில் அக்கீறல் இராது. துளையும் அவ்வாறே. உரோமக் காசுகளைத் துளையிட்டும் வளையம் பற்றவைத்தும் தென்னிந்தியப் பெண்கள் பண்டைக்காலத்திலேயே அணிந்தனர். துளையின் ஓரம் வழவழப்பாகத் தேய்ந்திருந்தால் நெடுநாள் நூலில் கிடந்ததென அறியலாம். கூராக இருந்தால் அண்மையில் இட்டது.

துலக்குவதைப் பற்றி ஒன்றே சொல்ல வேண்டும்: வேண்டாம். புளி, எலுமிச்சம்பழம், சாம்பல், பித்தளை மெருகு எண்ணெய் ஆகிய எதுவும் வேண்டாம். செப்புக் காசின்மேல் படிந்த பச்சைநிற அல்லது கருநிறப் படலமே அதன் எழுத்தைத் தாங்கி நிற்கும் தோல். அதை உரித்தால் எழுத்தும் உடன் போகும். ஆயினும் வெளிறிய பச்சைத் தூள் உதிருமானால் அது நோய். உலோகத்துக்குள் புகுந்த உப்பு ஈரக்காற்றோடு சேர்ந்து செம்பை அரிக்கிறது. பனியும் மழையும் மாறிமாறி வரும் நுவரெலியாவில் இந்நோய்க்கு வேண்டிய ஈரம் ஆண்டு முழுவதும் உண்டு. அத்தகைய காசைப் பிரித்து, உலர்ந்த இடத்தில் தாளுறையில் வைத்தல் வேண்டும். ஒட்டும் நெகிழியுறை ஆகாது. அடுப்படிப் பரணும் ஏற்றதன்று.

காசின் மேலுள்ளதையெல்லாம் அறிஞர் படித்துச் சொல்லிவிடுவர். காசில் இல்லாத செய்தி ஒன்றுண்டு. அதுவே பலருக்கும் தெரியாமல் போகிறது. அது எங்கே கிடைத்தது, யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்னும் செய்தி. புதையல் என்று ஒன்றாகக் கிடைத்த காசுகள் எத்தனை, எந்த வயலில், எந்தப் பானையில் என்பனவெல்லாம் தெரிந்தால்தான் பழைய வணிகவழி புலப்படும். தனித்த காசு திபேரியஸ் யாரென்பதைக் கூறுமே தவிர, அவன் காசு நம் ஊருக்கு எவ்வாறு வந்தது என்பதைக் கூறாது.

மலையகத்தில் இந்தச் செய்தி அழிவதற்கு வேறொரு காரணமும் சேர்ந்தது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தந்தையும் பாட்டனும் எங்கே பிறந்தனர் என்பதற்குப் பத்திரம் கேட்டது. இலட்சக்கணக்கான குடும்பங்களிடம் அப்பத்திரம் இல்லை. 1964ஆம் ஆண்டு சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தின்பின் அண்ணன் இந்தியாவுக்கும் தம்பி இலங்கைக்குமாகக் குடும்பங்கள் பிரிந்தன. பெட்டிகளும் பிரிந்தன. ஒரே காசுமாலையின் இரண்டு காசுகள் நீலகிரித் தேயிலைத் தோட்டத்திலும், மூன்று காசுகள் ஹட்டனிலும் கிடப்பது நடக்கக்கூடாத காரியமன்று. பிரிந்தவர்கள் கடிதத்திலோ தொலைபேசியிலோ பேசிக்கொள்ளும்போது இதையும் கேட்டுக்கொண்டால், ஐந்தும் ஒரே வகையா, ஒரே மன்னனுடையவையா என்று ஒப்பிட முடியும்.

அதேவேளை, கேட்டு எழுதுவதில் நிதானம் வேண்டும். உரோமக் காசு ஒன்று கையில் இருப்பதால் முன்னோர் யவனரோடு வணிகம் செய்த செட்டிகள் என்று ஆகிவிடாது. அரசர் குலமென்றும் ஆகாது. ஏரில் அகப்பட்டிருக்கலாம், கடனுக்கு ஈடாக வந்திருக்கலாம், சந்தையில் வாங்கிய நகையில் கோத்திருந்திருக்கலாம். "அப்பாயிக்கு அவர் தாயார் கொடுத்தது, முசிறிப் பக்கத்து ஊர்" என்பது வரை தெரிந்தால் அந்த அளவே எழுத வேண்டும். திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலும் முசிறி என்னும் ஊர் உண்டு. பெயரொற்றுமையைக் கண்டு சேரநாட்டுத் துறைமுகம் வரை போய்விடக்கூடாது.

சட்டத்தையும் அறிந்திருத்தல் நலம். இலங்கையில் 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டம், 1815ஆம் ஆண்டு மார்ச்சு 2ஆம் நாளுக்கு முற்பட்ட பொருள்களைத் தொல்பொருளாகக் கொள்கிறது. கண்டி இராச்சியம் பிரித்தானியர் வசமான நாள் அது. மண்ணுள் கண்டெடுக்கப்படாமற் கிடக்கும் தொல்பொருள் அரசுக்கு உரியது. உரிமம் இன்றி நாட்டுக்கு வெளியே கொண்டு செல்வது குற்றம். இந்தியாவில் புதையற் சட்டம் 1878இலும், தொல்பொருட் சட்டம் 1972இலும் இயற்றப்பட்டன. வழிவழியாகப் பெட்டியில் இருந்துவரும் காசுக்கும், வடிகான் வெட்டும்போது புதிதாக வெளிப்படும் காசுக்கும் வேறுபாடு உண்டு. பின்னதைத் தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவித்தல் கடமை. முன்னதை உறவினர்க்குப் பரிசாகக் கடல் கடந்து அனுப்புமுன் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

காசைக் காட்டுவதற்கு நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் தொல்லியல் துறை இருக்கிறது. கொழும்பில் 1877இல் நிறுவப்பட்ட தேசிய நூதனசாலை இருக்கிறது. தமிழகத்துக்குச் சென்றுவிட்டவர்களுக்குச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகமும், புதுக்கோட்டை அருங்காட்சியகமும் உள்ளன. போகும்போது காசோடு ஒரு தாளும் செல்ல வேண்டும். அதில் எடை, அகலம், உலோகம், வைத்திருந்தவர் பெயர், அவருக்குத் தந்தவர் பெயர், புறப்பட்டு வந்த ஊர், வந்த ஆண்டு தெரியுமாயின் ஆண்டு, முதலில் வேலைசெய்த தோட்டம், சொன்னவர் யார், எழுதிய நாள் ஆகியவை இருந்தால் போதும். முதியவர்கள் சொல்லச் சொல்லப் பள்ளிப் பிள்ளைகளே இதை எழுதிவிடலாம். காசைக் கையில் வாங்கும் அறிஞர் திருப்பிப் பார்க்குமுன்னரே, "இது எங்கே கிடைத்தது?" என்றுதான் கேட்பார்.